முற்றத்து வேம்பு செய்த குற்றம் என்ன?

உதிரும் இலையைப் பெருக்க ஆளில்லை. வேர் சுற்றுச்சுவரைப் பிளக்கிறது. வண்டி நிறுத்த இடம் போதவில்லை. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் முற்றத்து வேம்பை வெட்ட நிர்வாகம் கூறிய காரணங்கள் இவ்வளவே. மரம் நின்ற இடத்தில் இன்று சிமெண்ட் கற்கள். லுஹருக்கு வருவோர் செருப்பைக் கழற்றியபின் அவற்றின் மீது ஓடியே கடக்கின்றனர். உள்ளே ஏசி இயங்குகிறது. அது உறிஞ்சிய வெப்பமோ வெளிச்சுவரோரம் பூ விற்கும் மூதாட்டியின் முகத்தில் உமிழப்படுகிறது.

இப்பிழை நம்முடையது மட்டுமன்று. 2010-இல் செம்மொழி மாநாட்டிற்காக அவினாசி சாலையிலும், பின்னர் நான்குவழிப் பாதைக்காகப் பொள்ளாச்சி சாலையிலும் முதிர்ந்த மரங்கள் சாய்க்கப்பட்டன. 2024 கோடையில் ஈரோட்டில் வெப்பம் 42 டிகிரியைக் கடந்தது. அவ்வாண்டே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையைக் காக்கும் என்று இன்னும் பெருமை பேசுவோர் உளர். அக்காற்று வலுப்பெறுவது தென்மேற்குப் பருவத்தில். ஏப்ரல் வெயிலுக்கு அது மருந்தாகாது.

மரம் வெயிலை மறைப்பதோடு நிற்பதில்லை. வேர் உறிஞ்சிய நீரை இலைவழி ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கிறது. கான்கிரீட்டோ பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் திருப்பித் தருகிறது. கோட்டைமேட்டின் நெருங்கிய சந்துகளிலும் கரும்புக்கடையின் தகரக்கூரை வீடுகளிலும் உறங்குவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரம் நடுவது தர்மம் என்னும் புகாரி, முஸ்லிம் நபிமொழியை ஜும்ஆ மேடையில் அடிக்கடி கேட்கிறோம். வெட்டுவதைப் பற்றியும் ஒரு நபிமொழி உண்டு. அதை ஏனோ எவரும் எடுப்பதில்லை. இலந்தை மரத்தை வெட்டுபவருக்கு நரகத்தை எச்சரிக்கும் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. அதன் பொருளை வினவியபோது, வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழல் பெறும் மரத்தை நியாயமின்றி வீணாக வெட்டுபவரையே அது குறிக்கும் என்று இமாம் அபூதாவூத் விளக்கினார். மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தம் செய்வதையே சாபத்திற்குரிய செயலாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, அந்நிழலையே அழிப்பதற்கு என்ன பெயர்?

ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவோம் என்பார்கள். நடட்டும். அவை நிழல் தரும் ஆண்டுகள் வரை தள்ளுவண்டிக்காரர் எங்கே ஒதுங்குவார்? இலை பெருக்க ஒருவரை அமர்த்தும் கூலி, ஏசியின் மின்கட்டணத்தை விஞ்சிவிடுமா? வேருக்குச் சதுரக் குழி விட்டுக் கல் பதிக்க எந்தக் கொத்தனாருக்கும் தெரியும், நாம்தான் கேட்கவில்லை.

வரும் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கப்படும்போது, வேம்பின் விறகுப் பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்கவிருக்கிறேன். எட்டுக் கற்களைப் பெயர்த்தால் ஒரு கன்றுக்கு இடமாகும். கடப்பாரையை நானே கொண்டுவருகிறேன்.