எம்.எட். முடித்த மகளுக்கு



"மகள் எம்.எட். தேறிவிட்டாள், இதற்கு மேல் படிக்கவைக்க நம்மால் ஆகுமா?" எனச் செம்பட்டிப் பகுதிக் குடும்பங்கள் வினவுகின்றன. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமம் அருகிலேயே உள்ளது. அங்குக் கல்வியியலில் முனைவர் ஆய்வுக்கும் வழியுண்டு. தடை பணமே.

2009இல் மத்திய அரசு தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகை, கிறிஸ்தவர் உள்ளிட்ட சிறுபான்மை ஆய்வாளர்க்குத் துணையாயிருந்தது. 2022–23 முதல் அது நிறுத்தப்பட்டது. வேறு திட்டங்கள் உள்ளனவே என்பது அரசு கூறிய காரணம். யாருக்கு உள்ளன? பட்டியல் சாதியினர்க்கான தேசிய உதவித்தொகையை ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் கேட்க இயலாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் புறத்தே நிறுத்தியிருக்கிறது. 1956இல் சீக்கியர்க்கும், 1990இல் பௌத்தர்க்கும் திறந்த கதவு அது. நம்மவர்க்கு இன்னும் அடைத்தே கிடக்கிறது. இவ்வநீதியை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் வயது அதுவரை காத்திராதே!

ஆகவே இருப்பதைக் கேட்டுப் பெறுங்கள். முழுநேர முனைவர் ஆய்வுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்க்கும் அதில் இடமுண்டு. இன்னொன்று, 'நெட்' தேர்வு. கல்வியியலும் அதில் ஒரு பாடம், எம்மதத்தாரும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். தகுதியுடன் தேறி ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. திருமணத்திற்கு அவசரப்படும் தந்தையர் இதனைக் கவனிப்பாராக.

சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இப்பொழுதே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலக வாசலில் நிற்பது நம் ஊர் வழக்கமாயிற்றே!