என் டீ சேர்ட்டின் மறுபக்கம்

அலுமாரியில் எத்தனை உடுப்பு இருந்தாலும் வீட்டில் நான் அதிகம் உடுப்பது ஒரு கறுப்பு டீ சேர்ட்டைத்தான். அதன் முன்பக்கத்தில் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் வெள்ளிக் கோடுகளில் வரையப்பட்டிருக்கும். சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் வாப்பா எங்களை மலேசியாவுக்குக் கூட்டிச் சென்றார். அங்கே சென்ட்ரல் மார்க்கெட்டில் உம்மா விலை பேசிப் பேசி வாங்கித் தந்தது அது.

88 மாடிகள், 452 மீற்றர் உயரம். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததும், கோபுரத்தின் தளம் இஸ்லாமியக் கலையின் எண்கோண நட்சத்திர வடிவில் அமைந்தது என்று வாப்பா சொன்னதும் அந்த டீ சேர்ட்டை எடுக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். வந்த பிறகு வகுப்பில் எல்லோருக்கும் அதன் கதையைச் சொன்னேன்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என் பெரியும்மாவின் மகள் ஊருக்கு வந்திருந்தா. நான் அவவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். பெரிய வாப்பா மௌத்தான பிறகு படிப்பை நிறுத்தி, கட்டுநாயக்கவில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவ. நான் ஆசையாக டீ சேர்ட்டைக் காட்டினேன். ராத்தா கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. உள்பக்கத்தைப் புரட்டி, தையலில் விரலை ஓட்டினா.

"ஓவர்லொக் நல்லா அடிச்சிருக்காங்க தங்கச்சி" என்றா. பிறகு கழுத்தில் இருந்த சின்ன லேபலைக் காட்டினா. "இது மலேசியா இல்ல, பங்களாதேஷ். நம்மளப் போல புள்ளையள் தைச்சது."

ஒரு டீ சேர்ட்டை ஒருவர் தைப்பதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். தோளைப் பொருத்த ஒருவர், கையை வைக்க ஒருவர், கீழ் விளிம்பை மடிக்க ஒருவர் என்று வரிசையாக இருப்பார்களாம். மணிக்கு இத்தனை என்று கணக்கு. "எனக்குக் கழுத்து மட்டும்தான். நாலு வருஷத்தில முழு டீ சேர்ட் ஒண்டும் நான் தைச்சதில்ல" என்று ராத்தா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவுக்குப் புறப்பட்ட அன்று நாங்கள் அந்தச் சுதந்திர வர்த்தக வலயத்தின் பக்கமாகத்தான் விமான நிலையத்துக்குப் போனோம். நான் வானத்தில் விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ராத்தாவுக்கு நாங்கள் கொண்டுவந்தது ஒரு சாவி வளையம்.

பிறகுதான் ராணா பிளாசா பற்றி வாசித்தேன். டாக்காவுக்கு அருகே சாவாரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம் அது. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி இடிந்து விழுந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புத் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் வேலைக்காரர்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள்.

அப்படியானால் இவற்றை வாங்காமல் விடுவதா? இல்லை என்பதே என் கருத்து. வாங்காவிட்டால் முதலில் வேலை இழப்பது கழுத்துத் தைக்கும் ஒரு ராத்தாதான். ஆனால் கேள்வி கேட்கலாம். ராணா பிளாசாவுக்குப் பிறகு உலகம் முழுவதும் ஆட்கள் கேட்டதால்தான் பெரிய ஆடை நிறுவனங்கள் பல, தொழிற்சங்கங்களோடு கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. கேட்டால் பலன் உண்டு.

அதைவிட எங்கள் வீடுகளுக்குள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கலியாணப் பேச்சு வரும்போது "கார்மண்டுக்குப் போன புள்ளையா?" என்று குரலைத் தாழ்த்துகிறோமே, அது ஏன்? இந்த நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைகளுக்குத்தான். பெருநாளைக்கு அந்த உடுப்பை ஆசையாக உடுக்கிறோம். அதைத் தைத்தவளை மட்டும் குறைவாகப் பார்க்கிறோம். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி கற்றுத் தந்த மார்க்கம் எங்களுடையது. கூலியைப் போலவே மரியாதையும் அவளுக்குரிய கடன்தான். தாய் தந்தையரே, உங்கள் மகள்மாருக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது தயவுசெய்து இதை ஞாபகம் வையுங்கள்.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ராத்தா என்ன செய்கிறா என்று தோழிகள் கேட்டபோது "கொழும்பில கோர்ஸ் ஒண்டு படிக்கிறா" என்று சொன்னவள் நான். அது பொய். ராத்தா உழைத்த காசில்தான் அவவின் தம்பி இன்று உயர்தரம் படிக்கிறான், பெரியும்மாவின் வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறார்கள்.

டீ சேர்ட்டில் கோபுரத்தின் வெள்ளிக் கோடுகள் இப்போது உதிரத் தொடங்கிவிட்டன. கழுத்துத் தையல் மட்டும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. என் தோழிகளே, அன்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். என் ராத்தா டீ சேர்ட் தைக்கிறா.