முதிய நாயும் பிள்ளையிடம் சொல்லும் பொய்யும்

கடந்த ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் செல்லப்பிராணி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். அக்கட்டுரையின் போக்கு ஆசிரியர் நண்பர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பிராணியின் பெயர், நிறம், உணவு, வாலாட்டி வரவேற்கும் அழகு. அக்கட்டுரைகளில் எந்த நாயும் கிழடாவதில்லை. (அப்படி எழுதப் பழக்கியவர்களும் நாமே.) ஒரு மாணவன் மட்டும், ‘எங்கள் நாய்க்கு வயதாகிவிட்டதால் பெரியப்பாவின் தோட்டத்தில் இருக்கிறது. நலமானதும் வந்துவிடும் என அப்பா கூறினார்’ என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். அதற்குமேல் என் சிவப்பு மை செல்லவில்லை.

அந்தத் தந்தையைக் குறைகூற எனக்கு அருகதை இல்லை. அதே பொய்யை என் வீட்டிலும் சொல்ல ஆயத்தமாக இருந்தவன் நான்.

எங்கள் மணிக்கு 14 வயது. மகள் பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே வீட்டிற்கு வந்தவன். இப்போது கண்களில் புரை, காதும் மந்தம். மூட்டுவாதத்தால், வழவழப்பான தரையில் பின்னங்கால்கள் சறுக்குகின்றன. நள்ளிரவில் எழுந்து சமையலறை மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்பான். திரும்பும் வழி தெரியாமல் குரைப்பான். மூப்பினால் மூளை தளர்ந்த நாய்களிடம் இது காணப்படுவதுதான் எனக் கால்நடை மருத்துவர் விளக்கினார்.

உறவினர் ஒருவர், “சந்தைப் பக்கம் விட்டுவிடு தம்பி, மீன்கடைக்காரன் ஏதாவது போடுவான். பிள்ளையிடம் தோட்டத்துக்கு அனுப்பியதாகச் சொல்லிவிடு” என்றார். ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டிருந்த எனக்கு அது நியாயமாகவே பட்டது. வளர்ப்பவரின் கடமையை வலியுறுத்தும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த மாணவனின் கட்டுரைதான் வந்தது.

மகளிடம் உண்மையைச் சொன்னேன். மணிக்கு வந்திருப்பது முதுமை, குணமாகாது, நம்முடன் இருக்கப்போகும் காலம் குறைவு. அழுதாள். இரவு உண்ணவில்லை. “9 வயதுப் பிள்ளைக்கு இது தேவையா?” என்று மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தேவை என்பதே என் கருத்து. பிள்ளையின் நலனுக்காகச் சொல்வதாக நாம் நினைக்கும் அப்பொய், பெரும்பாலும் அதன் கேள்விகளுக்கு அஞ்சிச் சொல்வதே. நலமானதும் வரும் என்று காத்திருக்கும் பிள்ளை ஒருநாள் தானே உண்மையைக் கண்டுகொள்ளும். பிறகு, மருத்துவமனையிலுள்ள பாட்டி நலமாகத் திரும்புவார் என்று நாம் கூறினாலும் ஐயத்தோடுதான் கேட்கும்.

அழுகை நின்றதும் மகளுக்கு வேலையும் கொடுத்தோம். தரையில் வழுக்காத விரிப்புகளைப் போடுவது அவள் பொறுப்பு. மணி தூங்கும்போது திடீரெனத் தொடக்கூடாது, திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். தரையைத் தட்டி, முன்புறமாக நெருங்க வேண்டும். நாம் உண்ணும் வலிமாத்திரையை இரக்கப்பட்டுக் கொடுத்துவிடக்கூடாது; நாய்க்கு அது நஞ்சாகலாம். அண்மையில் நான் நாற்காலியை இடம் மாற்றியதற்கு, “அப்பா, மணி முட்டிக்கொள்வான்” என்று கடிந்துகொண்டாள்.

எல்லாக் குடும்பங்களாலும் இது இயலுமா என்று கேட்பீர்கள். மருத்துவச் செலவு குறைவன்று. வேலை முறைமாற்றத்தில் உழலும் பெற்றோருக்கு இரவு விழிப்பு எளிதுமன்று. வைத்திருக்க இயலாதவர்கள் அதையேனும் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லலாமே.

அடுத்த மாதம் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். மருந்துக்கு அடங்காத அளவு வலி மிகுந்தால், ஊசி போட்டு உயிர் பிரியச் செய்வது பற்றியும் பேச வேண்டியிருக்கும். அந்நாளில் மகளை உடன் அழைத்துச் செல்வதா என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. தான் வருவேன் என்கிறாள் அவள்.