நாடிக் கடிகாரமும் நம் உணவும்

விடுமுறையில் பண்ணைப்புரத்திற்குச் சென்றிருந்த நாம், நாடித்துடிப்பை எண்ணும் கைக்கடிகாரத்தை அணிந்து வைகறையில் தோட்டத்து வழியே நடந்தோம். அதே தொலைவை அதே வேகத்தில் உச்சிவெயிலிலும் நடந்தோம். வெயிலில் நடந்ததற்கே கடிகாரம் மிகுந்த கலோரி காட்டிற்று. உழைப்பு ஒன்றாயிருக்கக் கணக்கு இரண்டானது எவ்வாறு?

செலவாகும் ஆற்றலைச் செவ்வனே அறிய, உடல் கொள்ளும் பிராணவாயுவை அளத்தல் வேண்டும். கடிகாரமோ நாடி, வயது, எடை ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கின்றது. நாடி உழைப்பால் மட்டும் விரைவதன்று. வெப்பமும் அச்சமும் அதனை விரைவிக்கும்.

2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு இத்தகைய 7 கருவிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 6, நாடியை நூற்றுக்கு 5-க்குட்பட்ட பிழையுடன் அளந்தன. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியே சராசரி நூற்றுக்கு 27 பிழைத்தது. கடைப்பட்டது 93 பிழைத்தது.

இத்தகைய கணக்கை நம்பி ஒருவேளைச் சோற்றைத் துறக்கும் மாணவரும், இருமடங்கு உண்ணும் மாணவரும் நம்மிடையே உளர். நண்பர்காள்! நாடியை அறியக் கடிகாரத்தை அணிமின். உணவின் அளவை அதனிடம் வினவாதீர்.