நோயாளி ஆகும்வரை காத்திருக்கலாமா?

திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாத சராசரி 6.1 என்று ரிசல்ட் வந்தால், வாங்குபவர் முகத்தில் முதலில் தெரிவது நிம்மதிதான். “அப்ப சுகர் இல்லல்ல?” என்று கேட்பார்கள். நீரிழிவு என்று சொல்லும் எல்லையான 126-ஐயோ 6.5-ஐயோ தொடவில்லை, பெரும்பாலும் மாத்திரையும் எழுதித் தரப்படாது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களை மறுபடி கூப்பிட யாரும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது சராசரி 5.7 முதல் 6.4 வரை என்றால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது, நாளடைவில் தளர்ந்துபோகிறது. இத்தனைக்கும் வலியோ தாகமோ இருக்காது. சிலருக்குப் பிடரித் தோல் கறுத்துத் தடிக்கும். அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கட்டத்திலேயே இதய நோய்க்கான அபாயம் கூடுகிறது. சிலருக்கு விழித்திரையிலும் பாத நரம்புகளிலும் பாதிப்பு தொடங்கிவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி என்று கணக்கிட்டது. இவர்கள் நீரிழிவுக்குள் போவதைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை போதிய அளவு இறங்காதவர்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுக்குள் நீரிழிவு வந்தது. நடைக்கும் உணவு மாற்றத்துக்கும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதம். நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பியிருக்கிறார்கள். விலையுயர்ந்த மருந்தா கொடுத்தார்கள்? விடாமல் கூப்பிட்டுப் பேசினார்கள்.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. மிக நல்ல காரியம். வீட்டுக்கு வரும் அதே ஊழியரின் கையில் இந்த முந்தைய நிலைக்காரர்களின் பட்டியலையும் அரசு கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் பரிசோதிக்க வேண்டும். மூன்று வேளையும் அரிசியே உண்ணும் வீட்டில் எதைக் குறைத்துச் சுண்டலும் கீரையும் எப்படிச் சேர்ப்பது என்று அடுப்படி அளவில் சொல்லித்தர வேண்டும்.

பீரோவில் கிடக்கும் உங்கள் பழைய ரிசல்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 அல்லது அதற்கு மேல், இல்லை சராசரி 5.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த மாதமே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.