கைக்கு ஏற்ற கடியாரச் சங்கிலி

கோயமுத்தூரில் ஒரு காலத்தில் நேரம் என்பது கையில் கட்டிக்கொள்ளும் வஸ்துவாக இருக்கவில்லை. காதில் விழும் சத்தமாக இருந்தது. 1888-ஆம் வருஷத்தில் இந்நகரின் முதல் நூற்பாலை தோன்றிற்று. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து சேர்ந்த பின்னர் ஆலைகள் ஒன்று பத்தாகப் பெருகின. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் குடித்தனக்காரர்கள் உலை வைத்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியதும் ஆலைச் சங்கைக் கேட்டுத்தான். அந்தச் சங்கில் ஒரு சௌகரியம் இருந்தது. அது யாருடைய மணிக்கட்டையும் இறுக்கவில்லை. யாருடைய கையிலிருந்தும் நழுவி விழவுமில்லை.

இப்போது நேரம் அவரவர் கைக்கு வந்துவிட்டது. வந்தவுடன் ஒரு புதிய சங்கடமும் கூடவே வந்தது. சங்கு எல்லோருக்கும் ஒன்று. ஆனால் மணிக்கட்டு ஆளுக்கொன்று. இந்தச் சிறிய உண்மையைக் கடியாரம் செய்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். வாங்குகிற நாம்தான் அநேகமாக மறந்துவிடுகிறோம்.

கைக்கடியாரம் அவ்வளவு பழமையான சாமான் அல்ல. முந்நாளில் ஆண்மக்கள் கடியாரத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். காந்தியடிகள் இடுப்பிலே தொங்கவிட்டிருந்ததும் அந்த ஜாதிக் கடியாரந்தான். கையில் கட்டுவது பெண்களுக்குரிய அலங்காரம் என்று மேல்நாட்டில் எண்ணியிருந்தார்கள். 1914 முதல் 1918 வரையில் நடந்த மகா யுத்தத்தில் பதுங்கு குழியில் நின்ற சிப்பாய்களுக்குப் பையைத் துழாவ நேரமில்லாமற் போயிற்று. கடியாரம் மணிக்கட்டுக்கு ஏறிற்று. முதலில் தோல் வார் வந்தது. பிறகு உலோகச் சங்கிலி வந்தது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும் நம் தேசத்தில் தோல் வார் சீக்கிரம் நைந்து நாற்றமெடுத்துவிடும். ஆகையால் எஃகுச் சங்கிலி நமக்குப் பொருத்தமானதே. 1961-இல் ஜப்பானியரின் சிட்டிஸன் கம்பெனி கூட்டுறவுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கடியாரத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1984-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் டிட்கோவும் டாட்டா நிறுவனமும் சேர்ந்து டைட்டானைத் தொடங்கின. நமக்கு வடக்கே ஓசூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. கடியாரத்துக்காக அந்நிய நாட்டை எதிர்பார்த்துக் கிடந்த நிலை மாறிற்று.

கடியாரம் செய்யக் கற்றுக்கொண்டோம். அதைக் கையில் சரியாகக் கட்டக் கற்றுக்கொண்டோமா?

ஒப்பணக்கார வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ சாயங்கால வேளையில் நின்று, போகிற வருகிறவர்களின் கைகளைச் சற்றுக் கவனியுங்கள். இரண்டு கட்சிகள் இருப்பது தெரியும். ஒன்று வளையல் கட்சி. இவர்கள் கையைத் தூக்கினால் கடியாரம் முழங்கையை நோக்கி ஓடும். தாழ்த்தினால் விரல் மூட்டில் வந்து முட்டும். மணி பார்க்க வேண்டுமானால், மணிக்கட்டின் கீழே போய் ஒளிந்துகொண்ட கடியாரத்தை மற்றக் கையால் பிடித்து மேலே திருப்ப வேண்டும். மற்றொன்று விலங்குக் கட்சி. இவர்கள் இரவில் கடியாரத்தைக் கழற்றினால் கண்ணிக்குக் கண்ணி சதையில் அச்சுப் பதிந்திருக்கும்.

இந்த ஊரில் இப்படியிருப்பதுதான் நமக்கு அதிசயம். ஜி. டி. நாயுடு போன்றவர்கள் முன்னின்று 1937-லேயே மின்சார மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்துப் பட்டறைகளில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, கூடிவிட்டது என்று சாமானைத் தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளுகிறவருடைய கையில் கடியாரம் ஒரு விரற்கடை தாராளமாக ஆடிக்கொண்டிருக்கும்!

இதற்கு ஒரு பத்தி எழுத வேண்டுமா என்று கேட்கும் நேயர்களும் இருக்கலாம். தளர்ந்த சங்கிலி அழகுக் குறைவு மட்டும் அல்ல. ஆடுகிற சங்கிலியில் கண்ணியும் பின்னும் ஓயாமல் உராய்கின்றன. இடையிலே வியர்வையும் தூசியும் புகுந்து உப்புத்தாள் போல் அரைக்கின்றன. துளைகள் அகன்று, சங்கிலி தொய்ந்து, ஒரு நாள் பின் நழுவிக் கடியாரம் கிணற்றடியிலோ பஸ்ஸிலோ விழுகிறது. ஓடும் இயந்திரத்தின் அருகே அதனால் வரும் ஆபத்து இன்னும் பெரியது. தறியிலும் லேத்திலும் தொங்கும் சங்கிலி சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கப் போகிறவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வகுத்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை கைச் சங்கிலிக்கும் பொருந்தும். ஆனால் இயந்திரத்தின் முன்னால் சரியாகப் பொருந்திய சங்கிலியும் ஆகாது. கழற்றி வைத்துவிடுவதே முறை. பாட்டரி வேலை செய்கிறவர்களுக்கும் இதுவே விதி. பாட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எஃகுச் சங்கிலி பட்டுவிட்டால் க்ஷணத்தில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

அளவுக்கு மேல் இறுக்குவதிலும் கெடுதல் உண்டு. வியர்வை வெளியேற வழியின்றித் தோல் வெந்து அரிப்பெடுக்கும். எஃகில் கலந்துள்ள நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. இறுக்கமும் ஈரமும் சேர்ந்தால் அவர்களுக்குத் தடிப்பு அதிகமாகும்.

புதுச் சங்கிலி எல்லாமே பருமனான கைக்கென்று நீளமாகச் செய்யப்பட்டு வருவது. நீளமானதைக் குறைக்கலாம், குட்டையானதை நீட்டுவது எளிதல்ல என்பதே அதன் காரணம். ஆகவே கண்ணி எடுப்பது கடைக்காரர் செய்யும் தயவு அல்ல. கடியாரம் வாங்கும் காரியத்தின் கடைசிப் பகுதி. "ஏனுங்கம்மா, கையைச் சித்தெ நீட்டுங்க, ரெண்டு லிங்க் எடுத்தாப் போதுங்களா?" என்று கடைக்காரர் கேட்கும்போது, போகிற அவசரத்தில் "போதுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். கீழ்க்கண்ட விஷயங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலாவது, இருக்கவேண்டிய இடம். மணிக்கட்டின் வெளிப்புறத்தில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு எலும்பு புடைத்திருக்கிறது அல்லவா? கடியாரம் அந்த எலும்பைத் தாண்டி முழங்கைப் பக்கம் அமர வேண்டும். எலும்பின் மேலேயே அமர்ந்தால் வலிக்கும். விரல் பக்கம் இறங்கினால், கையை மடக்கும்போதெல்லாம் சாவி கொடுக்கும் திருகு புறங்கையில் குத்தும்.

இரண்டாவது, இறுக்கம். பூட்டிய பிறகு சங்கிலிக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும். அதற்குமேல் இடம் வேண்டியதில்லை. கையை உதறினால் கடியாரம் இம்மி நகர்ந்து நிற்க வேண்டும், சுற்றிக்கொண்டு போகக்கூடாது. மார்கழி மாதத்துக் காலையில் அளவு பார்க்க வேண்டாம். குளிரில் கை சுருங்கியிருக்கும். வெயிலிலும் நடையிலும் சற்று உப்பும். வெப்பமான நாளில் பிற்பகலில் பார்த்த அளவே வருஷம் முழுவதும் நிற்கும்.

மூன்றாவது, நடு. அநேகர் கவனிக்காமல் விடுவது இதுதான். சங்கிலிக்குப் பன்னிரண்டாம் எண் பக்கம் ஒரு பாதி, ஆறாம் எண் பக்கம் ஒரு பாதி. கண்ணிகளை ஒரே பாதியிலிருந்து எடுத்துவிட்டால் நீளம் என்னவோ சரியாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிப்போய், கடியாரத்தின் முகமும் சாய்ந்துவிடும். கையைத் திருப்பி உட்புறம் பாருங்கள். பூட்டு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பாதி குட்டை, எதிர்ப்பக்கம் நீளம். இன்னும் ஒரு கண்ணி எடுக்க வேண்டுமென்றால் நீளமான பாதியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மொத்த நீளம் சரியாயிருந்தால், நீளமான பாதியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் குட்டைப் பாதியில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டுமென்ற நியதியில்லை. பலருக்கு ஆறாம் எண் பக்கம் ஒரு கண்ணி குறைந்திருந்தால்தான் பூட்டு நடுவில் வருகிறது. கடியாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறம் வைத்துக் கட்டும் பெண்மணிகள், தாங்கள் கட்டும் விதத்திலேயே கட்டிக்கொண்டு அளவு பார்க்க வேண்டும்.

நான்காவது, பூட்டின் ஓரத்தில் உள்ள சிறு துளைகள். ஒரு கண்ணியை எடுத்தால் இறுக்கம், விட்டால் தளர்ச்சி என்று பலர் தவிக்கிறார்கள். ஒரு கண்ணி சுமார் 8 மில்லிமீட்டர் என்றால், ஒரு துளை 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். பூட்டில் அகப்பட்டிருக்கும் ஸ்பிரிங் பின்னை ஒரு துளை நகர்த்தினால் தவிப்புத் தீரும். கோடையில் ஒரு துளை தளர்த்தி, ஐப்பசியில் ஒரு துளை இறுக்குவதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பின்னை அமுக்கும்போது மற்றக் கையின் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிடில் அது வெட்டுக்கிளி போல் தாவி அலமாரிக்கு அடியில் போய்விடும்.

கண்ணியை வீட்டில் கழற்றத் துணிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். சங்கிலியின் உட்புறத்தில் சிறு அம்புக்குறிகள் தெரியும். அம்பு காட்டும் திசையில் பின்னைத் தள்ளினால் வெளியே வரும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசையில் செலுத்த வேண்டும். முனை பிளந்த பின்னானால், பிளவில்லாத முனை முதலில் நுழையட்டும். சில சங்கிலிகளில் பின்னோடு கடுகளவு குழல் ஒன்று இருக்கும்; அது தவறிவிட்டால் பின் நிற்காது. சிலவற்றில் பின்னுக்குப் பதில் திருகாணி இருக்கும். அதற்குச் சரியான முனையுள்ள திருப்புளி அவசியம். இவற்றில் எது என்று தெரியாவிட்டால், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய கடைக்காரரிடம் போவதே உத்தமம். அவருக்கு இது ஐந்து நிமிஷ வேலை. நமக்கோ அரைநாள் வேலையும் கீறல் விழுந்த சங்கிலியும்.

கடைசியாகச் சொல்லப்போவதே முக்கியமானது. எடுத்த கண்ணிகளைக் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் சொத்து. கடை மேஜையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். உடம்பு ஒரே நிலையில் இருப்பதில்லை. வியாதியில் இளைத்த கை பிறகு தேறும். கல்யாணத்துக்குப் பின் பூசினாற்போல் ஆகும். அன்றியும், கடியாரம் ஒரு ஆயுளோடு முடிவதில்லை. தகப்பனார் கட்டியது மகனுக்கோ மகளுக்கோ வந்து சேர்கிறது. தகப்பனாரின் மெலிந்த கைக்காக எடுத்துப் போட்ட இரண்டு கண்ணிகள் இல்லாமையால், நன்றாக ஓடும் கடியாரம் பீரோவில் முடங்கிக் கிடக்கும் வீடுகள் கொங்குநாட்டில் ஏராளம். கடையில் வாங்கிவிடலாமே என்றால், எச்.எம்.டி.யின் கடியாரத் தொழிலை மூடிவிடுவதென்று 2016-இல் அரசாங்கம் தீர்மானித்துவிட்டது. பழைய மாதிரிக்கு அதே அகலத்தில், அதே வேலைப்பாட்டில் கண்ணி தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும்.

ஆகவே நேயர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லோருடைய கைகளையும் ஒருமுறை பாருங்கள். வளையல் கட்சி, விலங்குக் கட்சி இரண்டையும் பிரித்துக் கடைக்கு அனுப்புங்கள். மிஞ்சிய கண்ணிகளைப் பின்னோடும் குழலோடும் ஒரு சிறு உறையில் போட்டு, எந்தக் கடியாரத்துடையது, எந்த வருஷம் எடுத்தது என்று மேலே எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் அந்த உறையைத் திறக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கடியாரம் தங்கள் கையிலும் பொருந்தும்.