பகுத்தலும் தொகுத்தலும்

ஒரு பொருளை அறிய வேண்டுமானால் அதைப் பகுத்துப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் நாம் போதித்து வருகிறோம். பூவை இதழ் இதழாகப் பிரிக்கிறோம். தண்ணீரை இரண்டு வாயுக்களாகப் பிரித்துக் காட்டுகிறோம். பிரித்தால் உயிர் போய்விடும், முழுமையைக் காண்பதே மெய்யறிவு என்று வாதிப்போரும் உளர். இவ்விரு கட்சியாரின் வழக்கையும் கேட்கும்போதெல்லாம் நமக்குப் பிணந்தின்னிக் கழுகுகளின் கதையே நினைவுக்கு வருகிறது.

ஜடாயுவின் குலத்தவை என்று நாம் போற்றும் இப்பறவைகள் ஒரு காலத்தில் பாரத நாடெங்கும் லட்சக்கணக்கில் வாழ்ந்தன. ஊர்ப்புறத்தில் கிடக்கும் செத்த மாட்டைக் கூட்டமாக வந்து தின்று, வெறும் எலும்பாக்கிவிட்டுப் போகும். 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுக் கழுகுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் குறைந்துபோயின. தொற்றுநோய் என்றனர் சிலர். பூச்சிமருந்து என்றனர் வேறு சிலர்.

பாகிஸ்தானத்தில் இறந்த பறவைகளை அறுத்துச் சோதித்த விஞ்ஞானிகள், அவற்றின் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெண்பொடியாகப் படிந்திருக்கக் கண்டார்கள். கிருமிகளைத் தேடினர், உலோக விஷங்களைத் தேடினர், ஒன்றும் அகப்படவில்லை. பிறகு, கழுகுகள் உண்பது கால்நடைகளின் உடலையே அல்லவா என்று யோசித்து, கால்நடை வைத்தியர்களிடமும் மருந்து விற்போரிடமும் விசாரித்தார்கள். அப்போது அகப்பட்டது டைக்ளோபெனாக் என்னும் வலிநிவாரணி. அமிலம் படிந்து மாண்ட 25 பறவைகளின் சிறுநீரகங்களிலும் அது இருந்தது. 2004-ம் வருஷத்தில் இந்த முடிவு வெளியாயிற்று.

இதில் வென்ற கட்சி எது? அறுத்துப் பாராமல் இருந்திருந்தால் சிறுநீரகத்தின் கேடு தெரிந்திராது. அறுத்ததோடு நின்றிருந்தால், விஷம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திராது. மாட்டை மட்டும் பார்த்தால் அம்மருந்தில் குற்றமே இல்லை. அதன் வலியைத் தீர்த்தது. ஆனால் ஒரு மாட்டின் உடலைப் பல கழுகுகள் பங்கிட்டு உண்கின்றன. ஆகவே, நூற்றில் ஓர் உடலுக்கும் குறைவாகவே நஞ்சு இருந்தாலும் ஓர் இனம் அழிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த உண்மை மாட்டிலும் இல்லை, மருந்திலும் இல்லை, கழுகிலும் இல்லை. மூன்றுக்கும் உள்ள உறவில் இருக்கிறது.

அந்த உறவு மனிதரோடும் நிற்கவில்லையா? கழுகு இல்லாத ஊர்களில் பிணங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. இதனால் 2000 முதல் 2005 வரை நம் நாட்டில் சுமார் 5 லட்சம் மக்கள் கூடுதலாக மாண்டிருக்கலாம் என்று 2024-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிடுகிறது.

2006-ல் சர்க்கார் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. கழுகுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் என்ற மாற்று மருந்தும் கிடைத்தது. ஆயினும் அதே தீமையுள்ள கீட்டோபுரோபென், அசிக்லோபெனாக் இரண்டும் 2023 வரை காத்திருந்தே தடுக்கப்பட்டன. ஒரு பாடத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது!

நீலகிரியின் அடிவாரத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் சில கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவை பிழைக்க வேண்டுமானால், புதிய மருந்து எது வந்தாலும் “இது நோயைத் தீர்க்குமா?” என்று கேட்டபின், “தீர்த்த பிறகு எங்கே போகும்?” என்றும் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கற்பிப்போமாக.